பால் வராத வியாழன்

திரியெஸ்தே துறைமுகத்தில், மீன் சந்தைக்குப் பின்னால்,
எட்டுப் பேர் நின்றால்
ஒன்பதாமவர் தெருவில் நிற்கும் கடை.
நேப்பிள்ஸிலிருந்து வேலைக்கு வந்த இம்மாகொலாத்தாவுக்கு
முதல் நாளே மொழி போய்விட்டது.

கப்புச்சினோ கேட்டார் ஒருவர்.
அகலக் கோப்பையில், மீசையில் நுரை ஒட்டும்படி கொடுத்தாள்.
"குடிக்கவா, குளிக்கவா?" என்றார்.

இந்த ஊரில் கப்புச்சினோ சின்னது.
பெரிது வேண்டுமானால் காஃபே லாத்தே என்று கேட்க வேண்டும்.
வெறும் எஸ்பிரஸ்ஸோவுக்குப் பெயர் நேரோ.
கறுப்பு, அவ்வளவுதான்.
கறுப்பின் மேல் கொஞ்சம் பால்நுரை ஏறினால் காப்போ.
அதையே விரலுயரக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால்
காப்போ இன் பி.
நடுவில் ஒரே ஒரு சொட்டு நுரை விட்டால் கோச்சா:
க-வின் தலையில் புள்ளி வைத்தாற்போல,
எழுத்து அதேதான்,
ஓசை மட்டும் அடங்கிவிடும்.

புறங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.
கோப்பை கழுவக் கழுவ அழிந்தது.
மூன்றாம் வாரம் எழுத மறந்துபோனாள்.

ஐந்து நாற்பதுக்கு லியெர்கா.
மருத்துவமனைத் தரையை இரவெல்லாம் துடைத்துவிட்டு வருபவள்:
கண்ணாடியில், நுரை தாராளமாக.
நீதிமன்ற எழுத்தர் ஸ்டேலியோ: கோச்சா.
சொட்டு நடுவில் விழாவிட்டால்
மேல்முறையீட்டுக்குப் போகிற முகம்.
கிரேன் ஓட்டும் எத்வினோ: நேரோ, இரண்டே மடக்கு.
மூன்றாவது இருக்குமென்று நம்பி
தினமும் கோப்பையைச் சாய்த்துப் பார்ப்பார்.

கப்பலில் வந்த டேனிஷ் பையன் ஒருவன்
லாத்தே கேட்டான்.
லாத்தே என்றால் பால்; பாலைக் கொடுத்தாள்.
மடமடவென்று குடித்து, நன்றி சொல்லி, போய்விட்டான்.
அந்த நன்றிதான் இரவில் அவளைத் தூங்கவிடவில்லை.

இயந்திரத்துக்கு இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாது.
ஒரு பிடி தூள், இருபத்தைந்து நொடி.
முதலில் தயங்கும், பிறகு தேன்போல இறங்கும்,
பிறகு எலிவால்போல மெலிந்து
வெளுக்கத் தொடங்கும்.
வெகு முன்பே நிறுத்தினால் ரிஸ்த்ரெத்தோ,
ஓடவிட்டால் லுங்கோ.
அவள் ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது,
முன்பே நிறுத்திவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை போரா காற்று.
சைக்கிள்கள் படுத்துக்கிடந்தன,
ஒரு குடை தனியாக நீதிமன்றத்தைச் சுற்றி வந்தது.
கார்ஸோ மேட்டில் பால் வண்டி சாய்ந்துவிட்டதாம்.
முதலாளி ஃபுல்வியோ தொலைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்:
"இன்றைக்கு எல்லாருக்கும் கறுப்பு."

"ஒரு சொட்டுகூடவா?" என்றார் ஸ்டேலியோ.
கோப்பையின் நடுவை வெகுநேரம் பார்த்தார்.
பிறகு, சொட்டு அங்கே இருப்பதுபோலவே
அதைக் கலைக்காமல்
ஓரமாகவே குடித்தார்.

எத்வினோவுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.
அதில் கொஞ்சம் கர்வமாக இருந்தார்.

லியெர்கா சொன்னாள்: "கண்ணாடியிலேயே கொடு."
"பாலே இல்லை. கண்ணாடி எதற்கு?"
"இரவெல்லாம் மூடிய கதவுகளுக்கு வெளியே துடைக்கிறேன்.
குடிப்பதாவது உள்ளே தெரியட்டும்."

விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.
அடியில் இருட்டு. விளிம்பில் செங்கல் நிறம்.
மேலே, நனைந்த மணல்போல ஒரு மெல்லிய ஏடு,
அதுவும் பார்க்கப் பார்க்கக் கரைந்துகொண்டிருந்தது.
"ஏய், இது கறுப்பே இல்லையே" என்றாள்.
ஒரு வாய் குடித்தாள், முகம் சுளித்தாள்,
பாதியை அப்படியே வைத்துவிட்டு
காசை எண்ணி வைத்துப் போனாள்.

வெள்ளிக்கிழமை பால் வந்தது.
நுரை தாராளமாக என்றாள் லியெர்கா,
நேற்று என்று ஒரு நாளே இல்லாததுபோல.

கடை மூடும் நேரத்தில் இம்மாகொலாத்தா
தனக்கென்று ஒன்றைக் கண்ணாடியில் இறக்கினாள்.
புதிதாக எதையோ கண்டுபிடித்த குரலில்
ஃபுல்வியோவைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

தரையைக் கூட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்:
"அதுவா? நேரோ இன் பி.
விலைப்பட்டியலில் ஏழாவது வரி."